“நீங்க யாரு இந்தப் பிள்ளைக்கு?” – வளர்ப்பவரைச் சட்டம் எப்படிப் பார்த்தது

பள்ளியில் சேர்க்கப் போனால் “அப்பா, அம்மா வரட்டும்” என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் “கையெழுத்துப் போட நீங்க யாரு?” என்கிறார்கள். தாலுகா ஆபீசில் “கோர்ட் ஆர்டர் இருக்கா?” என்கிறார்கள். பெற்றோரை இழந்த பிள்ளையை, அல்லது பெற்றோர் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விட்ட பிள்ளையை வளர்க்கும் நம் சேரிப் பாட்டிகளும் அத்தைகளும் சித்திகளும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் திரும்பி வருகிறார்கள். பதில் சட்டத்திலேயே இருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது, இத்தனை காலமாக ஏன் நம் கைக்கு வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை கூடப் போகும் தோழர்களுக்குப் பேச நாலு வார்த்தை இருக்கும்.

அண்ணல் அம்பேத்கரின் தாய் பீமாபாய் இறந்தபோது அண்ணலுக்கு ஐந்து வயது போல இருக்கும். அதன் பிறகு அவரையும் உடன்பிறந்தவர்களையும் பார்த்துக்கொண்டது அத்தை மீராபாய். தந்தை ராம்ஜி உயிரோடு இருந்தார் என்பது உண்மை. ஆனால் சோறு பொங்கிப் போட்டு வளர்த்த கை அத்தையுடையது. அவரிடம் “உன் அதிகாரம் என்ன?” என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. நம் குடும்பங்களில் இது புதிதும் அல்ல. பஞ்சம், காலரா, மலைத்தோட்டங்களுக்கும் கடல் கடந்தும் போன கூலிப் பயணம் என்று ஒவ்வொன்றும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோரைக் கொண்டுபோனது. மிச்சம் இருந்தவர்கள் வளர்த்தார்கள்.

அப்படியானால் அந்தக் காலத்தில் நீதிமன்றப் படியேறிய குழந்தை எது? சொத்து வைத்திருந்த குழந்தை. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் ‘இந்துச் சட்டம்’ என்று எடுத்துக்கொண்டது தரும சாத்திரங்களையும் அவற்றின் உரைகளையும். அந்தச் சட்டத்தில் தத்து என்பது பிள்ளைக்காக ஏற்பட்டதே அல்ல. ஆண் வாரிசு இல்லாதவனுக்குப் பிண்டம் வைக்கவும், சொத்து வெளியே போகாமல் இருக்கவும் ஏற்பட்டது. அதனால் ஆண் பிள்ளையைத்தான் தத்தெடுக்க முடியும். அதே சாதியில்தான் எடுக்க வேண்டும். பெண் தன் பெயரில், தனக்காகத் தத்தெடுக்க முடியாது.

இன்னொரு விதி இருந்தது. நான் சட்டம் படிக்கும் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது பலர் நம்புவதில்லை. அநாதைக் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. காரணம், தத்து என்பது தானம். தானம் கொடுக்கும் உரிமை தந்தைக்கு, அவர் இல்லாவிட்டால் தாய்க்கு. இருவரும் செத்துப் போயிருந்தால் கொடுக்க ஆள் இல்லை, ஆகவே தத்து இல்லை. தங்கள் சமூகத்தில் வேறு வழக்கம் உண்டு என்று நிரூபிக்க முடிந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. யாருமற்ற பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணமே அந்தச் சட்டத்துக்குள் நுழைய வழியில்லை. இதைத்தான் நம் பண்பாட்டின் குடும்பப் பெருமை என்று இன்றைக்கும் சிலர் மேடையில் பேசுகிறார்கள்.

இந்தச் சட்டத்தோடு நேரடியாக மோதியவர்கள் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும். 1863-ல் புனேயில் பார்ப்பன விதவைகள் கருவுற்றால் வந்து பாதுகாப்பாகப் பிள்ளை பெற்றுக்கொள்ள ஒரு இல்லம் திறந்தார்கள். 1870-களில் அங்கே ஒரு பார்ப்பன விதவைக்குப் பிறந்த ஆண் குழந்தையைத் தங்கள் மகனாக எடுத்துக்கொண்டார்கள். அவர்தான் யஷ்வந்த். மாலி சாதித் தம்பதி, பார்ப்பனப் பெண்ணின் பிள்ளை, அதுவும் கணவன் இல்லாத பெண்ணின் பிள்ளை. சாத்திரக் கணக்கில் இது எந்த வகையிலும் தத்து ஆகாது. பூலேவுக்கு இது தெரியும். அதனால் 1887-ல் உயில் எழுதினார், பதிவும் செய்தார். 1890-ல் அவர் இறந்தபோது, கொள்ளிச் சட்டியை யஷ்வந்த் தூக்கக்கூடாது என்று உறவினர்கள் தகராறு செய்ய, சாவித்திரிபாய் தானே சட்டியைத் தூக்கி முன்னால் நடந்தார். அந்தக் காட்சியைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பே எழுதி வைத்த உயிலைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. நீதிமன்றம் போகாமல், சாதிப் பஞ்சாயத்தையும் நம்பாமல், ஒரு காகிதத்தைக் கொண்டு பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேடிய செயல் அது.

பூலே இறந்த அதே 1890-ல் வந்ததுதான் இன்றும் நடைமுறையில் இருக்கும் பாதுகாவலர் மற்றும் சிறார் சட்டம். ‘கார்டியன் ஆர்டர்’ என்று எல்லோரும் சொல்வது இந்தச் சட்டத்தின் கீழ் வாங்குவதுதான். மாவட்ட நீதிமன்றத்துக்கோ குடும்ப நல நீதிமன்றத்துக்கோ மனுப் போட வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும், வாய்தாவுக்கு அலைய வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டியால் நடக்கிற காரியமா அது? ஆனால் அந்தச் சட்டத்தின் விளக்கப் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். பாதுகாவலர் என்றால் சிறாரின் உடலையோ சொத்தையோ இரண்டையுமோ பராமரித்துவரும் நபர் என்றுதான் இருக்கிறது. நீதிமன்றம் நியமித்தவர் மட்டுமே பாதுகாவலர் என்று அது சொல்லவில்லை. 1956-ன் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டமும் இதே விளக்கத்தில்தான் தொடங்குகிறது. அதன் 11-ஆம் பிரிவு ஒன்றைத் தடுக்கிறது: உண்மையில் வளர்த்துவருகிறார் என்ற காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் அந்தப் பிள்ளையின் சொத்தை விற்கவோ கைமாற்றவோ முடியாது. வளர்ப்பதை அது தடுக்கவில்லை. சட்டத்தின் பதற்றம் அன்றும் இன்றும் சொத்தைப் பற்றித்தான்.

இன்னும் முன்னால் போனால், 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் வளர்ப்பவரைக் கூடுதல் தெளிவாகவே பார்த்தது. பிள்ளையைக் கடத்துவது குற்றம் என்று சொல்லும் 361-ஆம் பிரிவில், ‘சட்டப்படியான பாதுகாவலர்’ என்பதில் பிள்ளையைப் பராமரிக்கும்படி சட்டப்படி ஒப்படைக்கப்பட்ட எவரும் அடங்குவார் என்று ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். ஒப்படைப்பது நீதிமன்றமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பெற்றோர் ஒப்படைத்தாலும் போதும். 89-ஆம் பிரிவு நம் பாட்டிகளுக்கு இன்னும் நெருக்கமானது. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்குப் பாதுகாவலரோ, குழந்தையைச் சட்டப்படி தன் பொறுப்பில் வைத்திருக்கும் வேறொருவரோ சம்மதம் தரலாம். மருத்துவருக்குப் பாதுகாப்புத் தரும் பிரிவு இது. அவசரத்தில் சம்மதம் வாங்க ஆளே இல்லாவிட்டாலும் சிகிச்சை தரலாம் என்கிறது 92. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் எண் மாறி இவை இருக்கின்றன: 361 இப்போது 137, 89 இப்போது 27, 92 இப்போது 30. விபத்துப் பிரிவில் பிள்ளை கிடக்க, “அப்பா வந்தால்தான்” என்று யாராவது சொன்னால் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையைக் கையில் வைத்திருப்பவரை அரசு கண்டுகொண்டது பெரும்பாலும் உழைப்பு, தண்டனை சம்பந்தமாகத்தான். அரச தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு 1933-ல் குழந்தை உழைப்பு அடமானச் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. அதிலும் பிள்ளையைத் தன் காவலிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருப்பவர் எவரும் பாதுகாவலர்தான். அபராதம் பெற்றோருக்கு அல்லது பாதுகாவலருக்கு 50 ரூபாய் வரை, முதலாளிக்கு 200 ரூபாய் வரை. அபராதம் போட அத்தை பாதுகாவலர் ஆகிறாள், பள்ளியில் சேர்க்க மட்டும் ஆகமாட்டாள். இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். அங்கே குடும்பம் யார் தெரியுமா? அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு அப்பாவின் உடன்பிறந்தவர்களும் அம்மாவின் உடன்பிறந்தவர்களும். பிள்ளையை வேலைக்கு வைக்க மாமனும் சித்தப்பனும் எந்தச் சான்றிதழும் இல்லாமல் குடும்பம் ஆகிவிடுகிறார்கள்.

தத்துச் சட்டத்துக்குத் திரும்புவோம். அண்ணல் சட்ட அமைச்சராக இருந்து கொண்டுவந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் சாதி இந்துக்களைக் கொதிக்க வைத்தவை விவாகரத்தும் பெண்ணின் சொத்துரிமையும் மட்டுமல்ல. திருமணத்துக்கும் தத்துக்கும் ஒரே சாதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அந்த மசோதா நீக்கியது. அதுவும் பெரிய சர்ச்சையானது. மசோதா கிடப்பில் போடப்பட, 1951 செப்டம்பரில் அண்ணல் பதவி விலகினார். பிறகு அதைத் துண்டு துண்டாக நிறைவேற்றினார்கள். அதில் தத்து பற்றிய துண்டு நடைமுறைக்கு வந்தது 1956 டிசம்பர் 21. அண்ணல் மறைந்து 15 நாள் ஆகியிருந்தது. சாதித் தடை போனது, பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்றானது, தத்த ஹோமம் கட்டாயமில்லை என்றானது. பௌத்தர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். பெற்றோர் உயிரோடு இருந்து, பிள்ளைக்கு 15 வயது நிரம்பாமல், மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், கொடுத்து வாங்கிப் பத்திரம் பதிவு செய்துகொள்ளலாம்; நீதிமன்றம் தேவையில்லை. அநாதைப் பிள்ளைக்கும் கதவு திறந்தது, ஆனால் பாதிதான். பெற்றோர் இல்லாவிட்டால் பாதுகாவலர் தத்துக் கொடுக்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள். கைவிடப்பட்ட குழந்தைகளும் பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தைகளும் அந்தப் பிரிவுக்குள் வர 1962-ன் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிறித்தவரான நம் மக்களுக்கு அதுவும் கிடையாது. இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருந்து 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை வெளியே நிறுத்தியது போல, தத்துச் சட்டத்திலும் அவர்கள் வெளியேதான் நின்றார்கள். எல்லா மதத்தினருக்கும் பொதுவான தத்து மசோதா 1972-ல் வந்தது, எதிர்ப்பில் நின்றுபோனது. ஒரு தலித் கிறித்தவக் குடும்பம் பிள்ளை எடுத்து வளர்த்தால், 1890 சட்டத்தின் கார்டியன் உத்தரவுதான் எல்லை. பிள்ளை மேஜர் ஆனதும் அதுவும் முடிந்துவிடும். 2000-ன் இளைஞர் நீதிச் சட்டமும் 2006-ல் அதற்கு வந்த திருத்தமும்தான் இதை மாற்றின. எந்த மதத்தவரும் இந்தச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்பதை ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-ல் உறுதிசெய்தது.

இளைஞர் நீதிச் சட்டத்தின் வேர் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் 1920-ன் மதராஸ் குழந்தைகள் சட்டம். சீர்திருத்தப் பள்ளிகளுக்கான சட்டமாகத்தான் பலர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளையை நிறுவனத்துக்கு அனுப்பாமல் உறவினரிடமோ ‘தகுதியுள்ள நபரிடமோ’ ஒப்படைக்கலாம் என்ற எண்ணமும் அதன் வழியாகவே இங்கே வந்தது. அப்போது ஒப்படைத்தது நீதிமன்றம். இப்போது அந்த அதிகாரம் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் இருக்கிறது. தலைவரோடு சேர்த்து ஐந்து பேர் கொண்ட குழு. மாஜிஸ்திரேட்டுக்குள்ள அதிகாரம் அதற்கு உண்டு. வக்கீலும் வாய்தாவும் இல்லாமல் நேரில் போய் நிற்கலாம். இன்றைய 2015 சட்டப்படி பிள்ளையை உண்மையில் தன் பொறுப்பில் வைத்திருப்பவரைத் தன் விசாரணையில் பாதுகாவலராக இந்தக் குழு ஏற்கலாம். தகுதியுள்ள நபரிடம் ஒப்படைத்து உத்தரவு தரலாம். உறவே இல்லாத குடும்பம் என்றால் வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கலாம். 2024-ன் புதிய வழிகாட்டுதலின்படி தனியாக வாழ்பவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

இதில் பணமும் இருக்கிறது, நம்மவர்களுக்குச் சொல்வாரில்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு 2021-ல் தமிழக அரசு மாதம் 3,000 ரூபாய் அறிவித்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இவை எதற்கும் பிள்ளையைத் தத்தெடுத்திருக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கு வருவோம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தில் பாதுகாவலர் என்றால் பிள்ளையைத் தன் பராமரிப்பிலும் பொறுப்பிலும் வைத்திருக்கும் நபர். நீதிமன்றம் நியமித்தவரும் அதில் சேர்த்தி, அவ்வளவுதான். பிறந்த தேதிக்குச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. ஆகவே ‘கார்டியன்’ என்ற கட்டத்தில் வளர்க்கும் அத்தை கையெழுத்துப் போடலாம். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைச் சேர்க்க கோர்ட் ஆர்டர் கேட்கும் தலைமையாசிரியரிடம், எந்தச் சட்டப்படி கேட்கிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

உயிரோடு இருக்கும் பெற்றோர் முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோயில் படுத்திருக்கும் தாய், தனக்குப் பிறகு பிள்ளைக்கு யார் பாதுகாவலர் என்று உயிலில் எழுதி வைக்கலாம். இந்து, பௌத்தக் குடும்பங்களுக்கு 1956 சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. தந்தை எழுதியிருந்தாலும் தாய் உயிரோடு இருக்கும்வரை அது நடப்புக்கு வராது. வெள்ளைத் தாள் போதும், சாட்சி இருவர் வேண்டும், பதிவு கட்டாயமில்லை. கிறித்தவர்களுக்கு 1925-ன் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இருக்கிறது. அது ‘தந்தை’ என்று மட்டுமே சொல்கிறது. நூறு வருடம் ஆகியும் அந்த ஒரு சொல்லை மாற்ற யாருக்கும் கை வரவில்லை.

வெளியூர் வேலைக்குப் போகும் பெற்றோர், இன்னாரிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போகிறோம் என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. அது கார்டியன் உத்தரவு ஆகாது. ஆனால் பிள்ளை முறைப்படி ஒப்படைக்கப்பட்டது என்பதற்குச் சான்றாக இருக்கும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி முத்திரை குத்தி ‘தத்துப் பத்திரம்’ என்று எழுதித் தருகிறவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம். கண்டெடுத்த குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்ற நினைப்பும் ஆபத்து. 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லியாக வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம்.

நீதிமன்றம் இல்லாமல் முடியாத இடம் சொத்துதான். சாதிக் கொலையில் தந்தையை இழந்த பிள்ளை, மலக்குழி மரணத்தில் தந்தையை இழந்த பிள்ளை, இவர்கள் பெயரில் நிவாரணம் வருகிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 2016 திருத்தத்தில் கொலைக்கு 8,25,000 ரூபாய், அதோடு சார்ந்திருப்போருக்கு மாத ஓய்வூதியமும் பிள்ளைகளின் பட்டப்படிப்பு வரைக்கான செலவும். மலக்குழி மரணத்துக்கு 2023-ல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் என்று உயர்த்தியது. பிள்ளை பெயரில் வைப்புத்தொகையாகப் போட்ட பணத்தை எடுக்கவும், பிள்ளைக்கு வந்த நிலத்தைத் தொடவும் வளர்ப்பவருக்குத் தானாக அதிகாரம் கிடையாது. இந்தத் தடை நல்லதற்குத்தான் என்பது என் கருத்து. பிள்ளையை விட நிவாரணத்தை அதிகம் நேசிக்கும் சொந்தங்கள் நம்மிடமும் உண்டு.

இந்த நிவாரணத்தில்தான் வேறொரு பழக்கம் பெரிய இடைஞ்சல் செய்கிறது. பள்ளியில் கேள்வி வராமல் இருக்க, அப்பா பெயர் என்ற இடத்தில் மாமா பெயரையும் அம்மா பெயரில் அத்தை பெயரையும் எழுதி, ஆதாரிலும் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் வன்கொடுமைச் சட்டத்தில் ‘சார்ந்திருப்போர்’ என்றால் பாதிக்கப்பட்டவரின் துணைவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர். பெயர் மாறிய பிள்ளை, செத்துப்போன தன் தந்தைக்குப் பிள்ளை என்று முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும். சாதிச் சான்றிதழிலும் இதே சிக்கல்: தாசில்தார் கேட்பது பெற்றோரின் சான்றிதழை, அந்தப் பெயரும் பிள்ளையின் பள்ளிச் சான்றும் பொருந்த வேண்டும். வளர்ப்பதால் பிள்ளையின் சாதி மாறுவதில்லை, வாரிசுரிமை போவதில்லை. எனவே இறந்தவர்களின் இறப்புச் சான்றிதழை வாங்குங்கள். வாரிசுச் சான்றிதழில் பிள்ளை பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா, அம்மா கட்டங்களில் அப்பா, அம்மா பெயரே இருக்கட்டும், வளர்ப்பவர் பெயரைக் கார்டியன் கட்டத்தில் எழுதுங்கள்.

உறவினர் முழுதாகத் தத்தெடுக்கவே விரும்பினால் 2015 சட்டத்தில் தனி வழி உண்டு. 2021 திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு அந்த உத்தரவைத் தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். ஆனால் உறவினர் என்றால் அந்தச் சட்டத்தில் அப்பா வழி, அம்மா வழி மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி முறையினரும் இருபக்கத் தாத்தா பாட்டியும் மட்டும்தான். தம்பியைத் தோளில் போட்டு வளர்த்த அக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அவர் போக வேண்டியது குழந்தைகள் நலக் குழுவுக்கு.